டாக்டரம்மா பதில்கள்: உறைவிந்தும் நம்ம ஊர்ப் பொலிகாளையும்

சென்ற இதழில் சினைப்பிடிப்பு பற்றிய ஒரு பதிலில், "நம் நாட்டுக் காளைகளின் விந்தை உறையவைத்துச் சேமிக்கும் மரபணு வங்கியை இன்னும் பெரிதாக்க வேண்டும், அதுவும் அவசரமாக" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதங்கள். மடிநோய், கழிச்சல் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்தமுறை முழுக்க இதுதான்.

தாராபுரம் பக்கமிருந்து ஒரு வாசகர்: எங்கள் பட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஆறு வயது மயிலைக் காளை இருக்கிறது. அப்பா காலத்து வம்சம். மகன் விற்றுவிடலாம் என்கிறான். இதன் விந்தை எடுத்து வங்கியில் வைக்க முடியுமா? வைத்துவிட்டால் காளையை விற்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அய்யா. விற்காதீர்கள். வங்கியில் இருக்கிறதே என்ற தைரியத்தில் விற்கவே விற்காதீர்கள். காரணம் கீழே மற்றவர்களுக்குச் சொல்லும் பதில்களில் வரும்.

விந்து எடுப்பது எப்படி என்று தெரிந்தால் முதல் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடுவீர்கள். உறைவிந்து நிலையத்தில் பொலிகாளையை, அதாவது இனவிருத்திக்கு வைத்திருக்கும் காளையை, இன்னொரு காளை மேல் தாவவிட்டு, வெந்நீர் நிரப்பிய ரப்பர் உறைக்குள் விந்தைப் பிடிப்பார்கள். ஒருமுறைக்கு நாலைந்து மில்லி வரும். ஒரு மில்லியில் ஏறத்தாழ 100 கோடி உயிரணு. நுண்ணோக்கியில் பார்த்து ஓட்டம் நன்றாக இருந்தால், முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் சேர்ந்த கரைசலில் கலந்து, கால் மில்லி பிடிக்கும் மெல்லிய குச்சிகளில் அடைப்பார்கள். குச்சிக்கு 2 கோடி உயிரணு என்பது கணக்கு. ஆக, 4 மில்லியில் 200 குச்சி. அவற்றைப் படிப்படியாகக் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கி வைப்பார்கள்.

இதற்குக் காளை பழக வேண்டும். நிலையத்தில் வேலை பார்த்த நாளில் நான் கண்டது, காங்கேயம் காளைக்கு ஆள் பழக்கம் மிக முக்கியம். தினமும் தீவனம் வைக்கிறவர் லீவு எடுத்தால் அன்று தாவாது. ஆறு வயதுவரை பட்டியில் சுதந்திரமாக இருந்த காளையைப் பழக்குவது சிரமம், ஆனால் முடியாததல்ல. அதைவிடப் பெரிய தடை நோய்ப் பரிசோதனை. காசநோய், ஜோனீஸ், புருசெல்லா எல்லாம் பார்த்து, குறைந்தது 60 நாள் தனியே கட்டிவைத்த பிறகுதான் நிலையத்துக்குள் விடுவார்கள். ஒரு நோய்க்காளையின் குச்சி ஆயிரம் பட்டிகளுக்குப் போய்விடும் என்பதால் இதில் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது: காளையின் தாய், தாயின் தாய், தகப்பன் என்று தெரிந்தவரை ஒரு நோட்டில் எழுதுங்கள். தாய் எத்தனை ஈத்து ஈன்றது, எவ்வளவு கறந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பக்கவாட்டில், முன்னால் நின்று எடுத்த படங்களோடு உங்கள் பகுதி கால்நடை உதவி மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். வங்கிக்காரர்கள் தேடுவது ஒன்றோடொன்று உறவில்லாத காளைகளை. உங்கள் பட்டி வம்சம் வெளியே அதிகம் போகாமல் இருந்திருந்தால், அதுவே உங்கள் காளைக்குத் தகுதி.

பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கேயம் இனத்தைப் பேணி வளர்த்தது பலருக்கும் தெரியும். ஆனால் கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரம் விட்டு, கொழுக்கட்டைப் புல் கொரங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, உழாமல் வைத்திருந்த ஒவ்வொரு குடியானவரும் அந்த வேலையைத்தான் செய்தார். உங்கள் அப்பாவும் அதில் ஒருவர். பணமுடை என்று விற்றே ஆகவேண்டி வந்தால், கண்ணபுரம் சந்தையில் தரகர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். பொலிக்கு வைத்துக்கொள்கிற ஆளாகப் பார்த்து, விலை கொஞ்சம் குறைந்தாலும் அவரிடமே கொடுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் உம்பளச்சேரி மாடு இருந்தது. ஜெர்சி காளையின் விந்தைச் சினை ஊசியாகப் போட்டுப் போட்டு இப்போது எதுவுமே பழைய மாடு இல்லை. உறைவிந்து இருந்தால் இனத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்கிறார்களே, நிஜமா டாக்டரம்மா?

நிஜம்தான் அம்மா. எவ்வளவு காலம் ஆகும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கலப்பினப் பசுவில் உம்பளச்சேரி ரத்தம் கொஞ்சமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு உம்பளச்சேரி ஊசி போட்டால் பிறக்கும் கிடாரியில் பாதி. அந்தக் கிடாரிக்கு மறுபடி உம்பளச்சேரி ஊசி, முக்கால். அடுத்தது 87.5 விழுக்காடு, அதற்கடுத்து 93.75, ஐந்தாம் தலைமுறையில் 97-ஐ ஒட்டி வரும். ஒவ்வொரு தலைமுறைக்கும் நாலு வருடம் பிடித்தால் 20 வருடம். இடையில் காளைக்கன்றாகவே பிறந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு காளையின் குச்சி வேண்டும், இல்லையென்றால் தகப்பனே மகளுக்கும் பேத்திக்கும் ஜோடியாகிவிடும்.

உம்பளச்சேரிக் கன்று செந்நிறமாக, நெற்றியிலும் கால்களிலும் வாலிலும் வெள்ளையோடு பிறந்து, வளர வளரச் சாம்பலாகும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் தலைமுறையிலேயே அப்படி ஒரு கன்று விழுந்துவிடலாம். அதைப் பார்த்து இனம் திரும்பிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நிறம் சீக்கிரம் வரும். உப்புக்காற்றையும் சேற்றையும் வைக்கோல் தீனியையும் தாங்கும் உடம்பு மெல்லத்தான் வரும்.

இதில் நான் நம்பிக்கை வைத்திருக்கும் ஒரு விஷயம் உண்டு. உடம்பின் அணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பாகத்துக்குத் தனி மரபுப்பொருள் இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டுமே வரும், தகப்பன் வழி வராது. அதனால், உறைவிந்தை மட்டும் வைத்து ஓர் இனத்தை வேற்றினப் பசுக்களில் மீட்டால் இந்தத் தாய்வழிச் சொத்து திரும்பாது என்பார்கள். பொதுவாக அது சரி. ஆனால் உங்கள் தெருவில் என்ன நடந்தது? உம்பளச்சேரிப் பசுவுக்கு ஜெர்சி விந்து போட்டீர்கள். அதன் மகளுக்கும் ஜெர்சி விந்து. அப்படியானால் இன்று உங்கள் கொட்டிலில் நிற்கும் கலப்பினப் பசுவின் தாய்வழி இன்னும் உம்பளச்சேரிதான், வெளியூரிலிருந்து வாங்கிய மாடாக இல்லாதவரை. அங்கே தொலைந்தது காளையின் வழி. வங்கியில் இருப்பதும் காளையின் விந்து. இரண்டும் பொருந்துகின்றன.

ஆனாலும் 20 வருடக் கணக்கைத் தொடங்குமுன் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் தேடுங்கள். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் இன்னும் நல்ல பசுக்கள் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்திலேயே கொருக்கையில் அரசுக் கால்நடைப் பண்ணை இந்த இனத்தை வைத்திருக்கிறது. ஒரே ஒரு தூய பசு கிடைத்தாலும் அந்த 20 வருடமும் மிச்சம். கருமாற்றமும் ஒரு வழி. உறைந்த கருவில் தாய், தகப்பன் இரண்டு பேரின் பங்கும் இருப்பதால், கலப்பினப் பசு வயிற்றில் வைத்தாலும் ஒரே சினையில் முழு உம்பளச்சேரி பிறக்கும். உறைந்த கருவிலிருந்து முதல் கன்று கேம்பிரிட்ஜில் 1973-லேயே பிறந்துவிட்டது. செலவுதான் இடிக்கிறது. நம் நாட்டுப் பசுக்கள் ஹார்மோன் ஊசிக்குக் கொடுக்கும் கருக்களும் குறைவு.

உம்பளச்சேரி குறைந்ததற்கு ஜெர்சி ஊசியை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கொம்பு சுட்டு, காது வெட்டி, சேற்றில் நாள் முழுக்க உழுத எருதுக்கு டிராக்டர் வந்ததும் வேலை போயிற்று. எருதுக்கு விலை இல்லாதபோது காளைக்கன்றை யார் வளர்ப்பார்கள்?

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கறக்கும் மாட்டுக்காக நைட்ரஜன் வாங்கிக் கொட்டுவது வரிப்பணத்துக்குக் கேடு இல்லையா? உலகமே அதிகப் பால் தரும் ஹோல்ஸ்டீன் மாட்டுக்குப் போய்விட்டது.

உலகம் ஹோல்ஸ்டீனுக்குப் போய் என்ன ஆயிற்று என்பதையே சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1962-ல் பிறந்த ஒரு ஹோல்ஸ்டீன் காளை, பெயர் பாவ்னி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். அதற்குப் பிறந்த மகள்கள் 16,000. செயற்கைக் கருவூட்டல் இல்லாமல் ஒரு காளைக்கு இது நடக்காது. அதன் உடம்பில் ஒரு மரபுக்குறை ஒளிந்திருந்தது. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அது சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். உலகெங்கும் 5 லட்சம் கருக்களுக்கு மேல் இதனால் கலைந்தன, நட்டம் 42 கோடி டாலர் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். அந்தக் குறை எந்த மரபணுவில் என்று கண்டுபிடிக்கவே 2010-க்கு மேல் ஆயிற்று.

இன்னொன்று. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது, அமெரிக்காவில் ஊசிக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகள் எல்லாவற்றின் தகப்பன் வழியும் 1880-களில் பிறந்த இரண்டே காளைகளில் போய் முடிகிறது என்று தெரிந்தது. லட்சக்கணக்கான மாடுகள், தகப்பன் வழி இரண்டு. மற்ற வழிகள் எல்லாம் அறுந்துபோயிருந்தன. அறுந்த வழிகளின் விந்து எங்கே கிடைத்தது தெரியுமா? கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் அமெரிக்க அரசு நடத்தும் மரபணு வங்கியில். யாருக்கும் வேண்டாத பழைய காளைகளின் குச்சிகள் அங்கே நைட்ரஜனில் கிடந்தன. அவற்றை எடுத்து இன்றைய நல்ல பசுக்களின் கருமுட்டையோடு சேர்த்து மறுபடி காளைக்கன்றுகளை உண்டாக்கியிருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் கறக்கும் இனத்துக்கே வங்கியில் தூசி படிந்து கிடந்த குச்சி தேவைப்பட்டது அய்யா.

பால் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் நஷ்டம் எங்கே வரும் என்பதற்கு வங்காளத்தின் கரோல் செம்மறி உதாரணம். சுந்தரவனத்துச் சதுப்பில் மேயும் குள்ள ஆடு, சந்தையில் மதிப்பில்லாதது. 1792, 93 வாக்கில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் சிட்னிக்குப் போன சில ஆடுகள் வழியாக, ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டி போடும் மரபணு ஆஸ்திரேலியாவின் மெரினோ ஆட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. பூரூலா மரபணு என்று உலகம் அதைக் கொண்டாடிய பிறகுதான் அதன் மூலம் நம் கரோல் என்று உறுதியானது. இன்று மகாராஷ்டிரத்தில் பல்டன் ஊரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம், அதே மரபணுவைத் தக்காணத்துச் செம்மறியில் சேர்த்து ஆட்டுக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறது. 1792-ல் யாராவது கரோலை எடைபோட்டு "இது எதற்கு?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2015-ல் வெளியிட்ட அறிக்கையில் உலகத்தில் 8,700-க்கும் அதிகமான கால்நடை, கோழி இனங்கள் பதிவாகியிருந்தன. அதில் ஏறத்தாழ 7 விழுக்காடு அழிந்தேவிட்டன. நம் நாட்டில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டு மாடுகள் அதற்கு முந்தையதைவிட 6 விழுக்காடு குறைந்தன, கலப்பினமும் அயலினமும் கால் பங்குக்கு மேல் கூடின. உண்ணியும் சித்திரை வெயிலும் காய்ந்த தட்டையும் தாங்கும் குணம் எந்த மரபணுவில் இருக்கிறது என்று முழுதாகப் படித்து முடிக்குமுன் அந்த மாடு இல்லாமல் போனால், அதை எந்த வரிப்பணத்தாலும் வாங்க முடியாது. நைட்ரஜன் மிக மலிவு.

கோபியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: உறைவிந்து எத்தனை வருடம் கெடாமல் இருக்கும்?

நைட்ரஜன் தீராதவரை. 1968-ல் ஆஸ்திரேலியாவில் உறையவைத்த செம்மறிக் கிடா விந்தை 2019-ல் சிட்னி பல்கலைக்கழகத்தார் எடுத்து 56 ஆடுகளுக்குப் போட்டார்கள். 34 ஆடு சினை பிடித்தது. புதிதாக உறையவைத்த விந்துக்கும் அவ்வளவுதான் பிடிக்கும்.

விந்து கெடாது, அதை வைத்திருக்கும் நைட்ரஜன் கலம் கெடும். நைட்ரஜன் தினம் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கலத்தில் மட்டம் அளந்து நிரப்புகிற ஓர் ஆள், தொடர் விடுமுறையில் வராமல் போனால் 30 வருடச் சேமிப்பு ஒரே வாரத்தில் போய்விடும். அப்படி வறண்டுபோன கலம் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று சொல்வதில் பயனில்லை. அதனால்தான் ஒரே இனத்தின் குச்சிகளைத் தூர தூரமான இரண்டு ஊர்களிலாவது பிரித்து வைக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1984-ல் தொடங்கி, இப்போது ஹரியானா கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபுவளப் பணியகத்தில் நாட்டின் வங்கி இருக்கிறது. நம் இனங்களின் பிரதி நம் மாநிலத்துக்குள்ளும் முழுமையாக இருக்க வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: விதைகளுக்கு வங்கி இருப்பதுபோல் நாட்டுக்கோழி முட்டைகளை உறையவைத்துச் சேமிக்க முடியாதா?

முடியாது தம்பி. நெல் காய்ந்தாலும் உயிரோடு இருக்கும். முட்டையோ மஞ்சள் கருவும் நீருமாக இருப்பது, உறைந்தால் உள்ளே எல்லாம் உடைந்துபோகும்.

சேவல் விந்தை உறையவைக்கலாம். சொல்லப்போனால் இந்தக் கலையே சேவலில்தான் பிறந்தது. 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் கலந்தால் உறைந்த உயிரணு பிழைக்கும் என்று கண்டது சேவல் விந்தில். ஆனால் அதே கிளிசரால் கோழியின் உடம்புக்குள் போனால் கரு கூடுவதைத் தடுக்கும். ஊசி போடுமுன் அதைக் கழுவி எடுக்க வேண்டும், அதில் பாதி உயிரணு போய்விடும். மாட்டுக்கு மளமளவென்று ஓடிய வேலை கோழியில் நொண்டுவது இதனால்தான்.

மேலும், பாலூட்டிகளில் ஆண்தான் ஆண்பெண் தீர்மானிக்கும் குரோமோசோமைச் சுமக்கிறது. பறவைகளில் அது பெட்டையிடம் இருக்கிறது. ஆகவே சேவல் விந்தை மட்டும் சேமித்தால் பெட்டையின் அந்தக் குரோமோசோம் வராது. இதற்கு இப்போது வேறு வழி தேடுகிறார்கள். முட்டைக்குள் வளரும் கருவின் ரத்தத்தில், பிற்காலத்தில் விந்தாகவோ முட்டையாகவோ மாறப்போகும் ஆதி அணுக்கள் ஓடும். அவற்றைப் பிடித்து, பெருக்கி, உறையவைத்து, சொந்தமாக முட்டை உண்டாக்க முடியாத வாடகைக் கோழிக்குள் வைத்தால், அது அரிய இனத்தின் முட்டையை இடும். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. உங்கள் ஊர் கோழிக்குப் பேர்போனது. பெருவிடை, சிறுவிடை நாட்டுக்கோழிகளின் அணுக்களை இப்படிச் சேமிக்கும் வேலையை நீங்கள் படித்து முடித்து எடுத்துக்கொண்டால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. அதுவரை நாட்டுக்கோழிக்கு ஒரே வங்கி வீட்டுப் பின்கட்டுதான்.

வெள்ளாட்டுக்கும் ஒரு சங்கடம் உண்டு, கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். கிடா விந்தோடு வரும் ஒரு நொதி முட்டை மஞ்சள் கருவோடு சேர்ந்தால் உயிரணுவைக் கொன்றுவிடும். கன்னி ஆட்டுக்கும் கொடி ஆட்டுக்கும் மாட்டின் செய்முறையை அப்படியே எடுத்துப்போட முடியாது.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: குளோனிங் செய்தால் ஒரே ஒரு மாட்டிலிருந்து இனத்தையே மீட்டுவிடலாமே?

அப்படி ஒன்று நடந்திருக்கிறது. நியூசிலாந்துக்குத் தெற்கே என்டர்பி என்று ஒரு தீவு. 1890-களில் கொண்டுவிட்ட மாடுகள் நூறு வருடமாகக் கடல்பாசியும் தின்று அங்கே பிழைத்திருந்தன. தீவின் செடிகொடிகள் அழிகின்றன என்று 1990-களின் தொடக்கத்தில் அரசு அவற்றைச் சுட்டுத் தீர்த்தது. அரியவகைக் கால்நடைகளைக் காக்கும் சங்கத்தார் அங்கே போய், இறந்த காளைகளின் விந்தைச் சேகரித்து உறையவைத்தார்கள். பிறகு ஒரே ஒரு பசு தப்பியிருந்தது தெரிந்தது. லேடி என்று பெயர் வைத்துக் கூட்டி வந்தார்கள். 1998-ல் லேடியின் அணுவிலிருந்து எல்சி என்ற குளோன் கன்று பிறந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். எத்தனை குளோன் எடுத்தாலும் எல்லாம் லேடியேதான். லேடிகளை மட்டும் வைத்து மந்தை ஆகாது. அது மறுபடி இனமானது, அந்தக் காளைகளின் விந்து கலத்தில் இருந்ததால். லேடியின் கருமுட்டையோடு அதைச் சேர்த்து டெர்பி என்ற காளைக்கன்றைப் பெற்றார்கள்.

காங்கேயத்திலிருந்து ஒரு இளைஞர் குழு: ஊர் கூடி ஐந்து நல்ல காளைகளை வைத்திருக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் ஆயிரம் பசு இருக்கும். போதாதா?

உங்கள் முயற்சிக்கு என் வணக்கம். போதாது.

மரபு அகலத்தை, அதாவது மந்தைக்குள் எவ்வளவு மரபு வேறுபாடு தங்கும் என்பதை, கணிக்க ஒரு கணக்கு உண்டு. காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 5 காளை, 1000 பசு: 20,000-ஐ 1005-ஆல் வகுத்தால் 20-க்குள் வருகிறது. கண்ணுக்கு ஆயிரம் மாடு, மரபுக்கு இருபது. 50-க்குக் கீழே போனால் ஆபத்து என்பது பொதுவான எல்லை. அதே ஆயிரம் பசுவுக்கு 25 காளை என்றால் 97-ஐத் தாண்டுகிறது. பசுவைக் கூட்டுவதைவிடக் காளையைக் கூட்டுவதில்தான் பலன். வங்கியிலும் ஓர் இனத்துக்கு உறவில்லாத 25 காளையாவது வேண்டும் என்று சொல்வது இதே காரணத்துக்காக. ஒரு சூப்பர் காளையின் பத்தாயிரம் குச்சியைவிட, 25 சாதாரணக் காளைகளின் நானூறு நானூறு குச்சிகள் மேல்.

எல்லாக் காளையையும் நீங்களே வாங்க வேண்டியதில்லை. பக்கத்துக் குழுவோடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காளை மாற்றிக்கொள்ளுங்கள். எந்தக் காளை எந்தப் பசுவுக்குப் போயிற்று என்று எழுதி வையுங்கள்.

பர்கூர் மலையிலிருந்து ஒருவர், அந்தியூர் வாசகர் வழியாக: எங்கள் மாட்டின் விந்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாட்டை மேய்க்க மட்டும் காடு இல்லை என்கிறார்கள். இது என்ன நியாயம்?

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன்.

2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை சொல்லி, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. 2024-ல் உங்கள் மலையிலேயே தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் வந்துவிட்டது. காட்டைக் காக்கிறவர்களோடு எனக்குப் பகையில்லை. ஆனால் செவலையில் வெள்ளை தெறித்த உங்கள் மாடு, பட்டியில் அடைந்து காட்டில் மேய்ந்து அந்தச் சரிவிலேயே உருவான மாடு. அதைச் சமவெளிக் கொட்டிலில் கட்டிப் பிண்ணாக்கு வைத்தால் அதன் கால் வலுவையும் மேய்ச்சல் புத்தியையும் எதிர்பார்க்க முடியாது. தாய்மாட்டின் பின்னால் போய்த்தான் கன்று எந்தத் தழையைத் தின்னலாம் என்று கற்கிறது. அந்தப் படிப்பைக் குச்சியில் அடைக்கும் தொழில்நுட்பம் கிடையாது.

வங்கி எதற்கு? 2001-ல் இங்கிலாந்தில் கோமாரி பரவியபோது கம்பிரியா மலைகளின் ஹெர்ட்விக் செம்மறிகள் மந்தை மந்தையாக அழிக்கப்பட்டன. இனமே போய்விடுமோ என்ற அச்சத்தில்தான் அவசர அவசரமாக அங்கே ஒரு மரபணு வங்கி தொடங்கினார்கள். அப்படி ஒரு கெட்ட நாளுக்காக வங்கி வேண்டும். மற்ற எல்லா நாளும் மாடு மலையில் இருக்க வேண்டும். விந்தைச் சேமித்துவிட்டோம், இனி மேய்ச்சல் உரிமை எதற்கு என்று யாராவது சொன்னால், இந்தத் துறையில் வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் எழுத்தில் மறுத்துத் தருகிறேன். 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஊராட்சியில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதில் உங்கள் மாடு, பட்டி, மேய்ச்சல் தடம் எல்லாவற்றையும் பதியச் சொல்லி மனு கொடுங்கள். வனஉரிமைச் சட்டத்தில் மேய்ச்சலும் சமூக உரிமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கிராம சபை வழியாக அதற்கும் கோருங்கள்.

மானாமதுரையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் புலிக்குளம் காளைக்கு வயதாகிவிட்டது, பல வாடிவாசல் பார்த்தது. திடீரென்று இறந்துவிட்டால் அதன் வம்சத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா?

இறந்த பிறகும் சில மணி நேரம் வாய்ப்பு உண்டு. ஆனால் உயிரோடு இருக்கும்போதே உங்கள் ஊரிலுள்ள புலிக்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் பேசிவையுங்கள். சுற்றியுள்ள கிடைகளில் இந்தக் காளைக்குப் பிறந்த கன்றுகள் எங்கே நிற்கின்றன என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மகன் காளை ஒன்று கிடைத்தால் பாதிக் கவலை தீரும்.

இறந்துவிட்டால்: விரையை ஒட்டியிருக்கும் விந்தகக் குழலில் முதிர்ந்த உயிரணு தேங்கியிருக்கும். கால்நடை மருத்துவரைக் கொண்டு விரைகளை உறையோடு முழுதாக அறுத்தெடுத்து, சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது, நடுவே துணியோ செய்தித்தாளோ இருக்கட்டும். உறைந்துபோனால் எல்லாம் வீண், 4, 5 டிகிரி குளிர்ச்சி போதும். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ஆள் தயாராக இருக்க வேண்டும் என்பதால்தான் முன்கூட்டியே பேசச் சொன்னேன். காது மடலில் ஒரு சிறு துண்டும் எடுத்து அதே பையில் சேர்க்காமல் தனிச் சீசாவில் குளிரில் அனுப்புங்கள். அதன் தோல் அணுக்களையும் வளர்த்து உறையவைக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காளை மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்து திடீரென்று இறந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அப்போது இதில் எதுவும் செய்யக்கூடாது. உடம்பில் கத்தி படாமல், நாய் நரி அண்டாமல் காவல் வைத்துவிட்டு, உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள்.